ஆயில் விளக்கு எரிந்தது, இரண்டு மாதச் சம்பளம் போனது: பிரஷர் கேஜ் மாட்டாமல் எஞ்சினைப் பிரிக்கச் சொன்னால் விடாதீர்கள்

இரண்டு மாதச் சம்பளம். முழுசாக இரண்டு மாதம். அது எதற்காகப் போனது என்று நேற்று சாயங்காலம்தான் தெரிந்தது. கட்டைவிரல் அளவுள்ள ஒரு ஸ்விட்ச்சுக்காக. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடையின் பெயரைப் போடவில்லை. பெரிய போர்டு, கண்ணாடி அறை, உட்கார சோஃபா, எல்லா கம்பெனி காரும் பார்க்கும் ஒர்க்‌ஷாப், அவ்வளவுதான் சொல்வேன். ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

சிக்னலில் நிற்கும்போது டாஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்றது. எண்ணெய்க் கிண்டி மாதிரி, மூக்கில் ஒரு சொட்டோடு இருக்குமே, அதுதான். ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தால் அணைந்துவிடும், காலை எடுத்தால் மறுபடி மினுங்கும். அதுவும் எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு மட்டும். ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். பத்து நிமிஷம் கழித்து ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தால் ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் சரியாக நின்றது. மேற்கொண்டு ஓட்டாமல் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போனேன். அதுவரை நான் செய்ததெல்லாம் சரிதான்.

சூப்பர்வைசர் அதிர்ந்து பேசாத மனுஷன். பானெட்டைத் திறந்ததும் ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு அரை நிமிஷம் கண்ணை மூடி நின்றார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைக்கிற மாதிரி. அப்புறம் அதை என் கையில் கொடுத்து, "நீங்களே கேளுங்க சார்" என்றார். கேட்டேன். உள்ளே தட் தட்டென்று அடித்துக்கொண்டிருந்தது. எந்த நல்ல எஞ்சினிலும் இப்படிக் காது வைத்தால் ஏதாவது தட்டத்தான் செய்யும் என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரியும்.

"பேரிங் பேச ஆரம்பிச்சிடுச்சு சார். பம்ப் பிரஷர் கொடுக்கலை. இப்படியே ஓட்டினா ஒரு நாள் நடுரோட்டில் எஞ்சின் ஜாம் ஆகிடும்." ஆயிலை எஞ்சினுக்குள் தள்ளும் பம்ப், உள்ளே சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங், இரண்டையும் மாற்ற ஆகும் மொத்தத்தைச் சொன்னதும் என் முகம் போன போக்கைப் பார்த்து, "அவசரமே இல்லை, வீட்டில் கலந்து பேசிட்டுச் சொல்லுங்க" என்றார். இந்த இடத்தில்தான் விழுந்தேன். ஏமாற்றுகிறவன் அவசரப்படுத்துவான் என்று நினைத்திருந்தேன். அவர் அவசரப்படுத்தவே இல்லை. அங்கேயே பாதிப் பணத்தைக் கட்டிவிட்டேன்.

ஒன்பது நாள். வண்டியை எடுக்கப் போனபோது ஒரு தட்டில் பழைய பம்ப்பை வைத்துக் காட்டினார். உள்பக்கம் என் விரலை வைத்து, "நகம் சிக்குது பாருங்க" என்றார். சிக்கியது. போட்டோகூட எடுத்துக்கொண்டேன். மீதிப் பணத்தைக் கட்டிவிட்டு, கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வேறு வந்தேன். இரண்டு மாதச் சம்பளத்தையும் கொடுத்து, நன்றியும் சொன்னவன் நான்.

ஐந்தாம் நாள் அதே சிக்னல், அதே மினுக்.

முதல் போனில், "புது பம்ப் சார், செட் ஆகணும், ஓட ஓடச் சரியாகிடும்." மறுநாள், "வயரிங்கா இருக்கும், எலக்ட்ரீஷியன் லீவு." நேரில் போனால் அதே சோஃபா, இரண்டு மணி நேரம், கடைசியில் ஒரு பையன் வந்து, "அண்ணன் வெளியே போயிருக்கார்" என்கிறான். அண்ணனின் பைக் வாசலில் நிற்கிறது. அதற்கப்புறம் பிடித்தபோது சொன்னார் பாருங்கள்: "எங்ககிட்ட இருந்து போகும்போது விளக்கு எரியலையே சார்." குரலில் இன்னும் அதே மென்மை.

நேற்று தெரிந்தவர் சொல்லி, தனியாக வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் போனேன். "பிரஷர் எவ்வளவு இருக்குன்னு அளந்தாங்களா?" என்றார். யாரும் அளக்கவில்லை. எஞ்சினில் இருக்கும் பிரஷர் ஸ்விட்ச்சை, அதாவது பிரஷர் குறைந்தால் அந்தச் சிவப்பு விளக்கைப் போடும் ஸ்விட்ச்சைக் கழற்றி, அதே ஓட்டையில் பிரஷரை முள்ளால் காட்டும் ஒரு கேஜைத் திருகினார். எஞ்சினைச் சூடாக்கி, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஸ்லோவில் விட்டுப் பார்த்தார், நிமிஷத்துக்கு 2000 சுற்றுக்கு ஏற்றியும் பார்த்தார். முள் நன்றாகவே எழுந்தது. முகத்தைச் சுளித்தார். ஆயில் மாற்றிய அடையாளமாக ஒர்க்‌ஷாப்காரர்களே தொங்கவிட்ட அட்டையில் 20டபிள்யூ-50 என்று ஆயிலின் கிரேடு, அதாவது அது எவ்வளவு கெட்டி என்பது, போட்டிருந்தது. என் காரின் கையேடு கேட்பது அதைவிட இளக்கமான 5டபிள்யூ-30. கெட்டி ஆயில் ஊற்றினால் பிரஷர் கொஞ்சம் கூடும், விளக்கும் கொஞ்ச நாள் படுத்துக் கிடக்கும். அதையெல்லாம் வடித்து, சரியான ஆயில் ஊற்றி மறுபடி அளந்தார். சூடான ஸ்லோவில் 1.2 பார் (பார் என்பது பிரஷரை அளக்கும் அலகு), 2000 சுற்றில் 3 பாருக்குப் பக்கம். இதற்கு விளக்கு எரிய வேண்டியதே இல்லை. பொதுவாக ஸ்லோவில் 1 பார் இருந்தாலே போதும். அது 0.5, 0.3 பார் என்று இறங்கினால்தான் ஸ்விட்ச் விளக்கைப் போட வேண்டும். என் ஸ்விட்ச் உள்ளே நொந்துபோய், கனெக்டருக்குள்ளேயே ஆயில் கசிந்திருந்தது. வேறு ஸ்விட்ச் போட கால் மணி நேரம் ஆனது. அந்த எஞ்சினிலேயே மலிவான சாமான்களில் அது ஒன்று.

அப்புறம் ஒரு டார்ச்சைக் கையில் கொடுத்து, "கீழே குனிஞ்சு பாருங்க தம்பி" என்றார். என் காரில் பம்ப்பைத் தொட வேண்டுமானாலும் பேரிங் மாற்ற வேண்டுமானாலும் சம்ப்பை, அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியை, இறக்கியாக வேண்டும். சம்ப் போல்ட் ஒவ்வொன்றின் தலையிலும் மண்ணும் ஆயிலும் சேர்ந்து கறுப்பாக இறுகிக் கிடந்தது. ஸ்பேனர் பட்ட அடையாளம் ஒன்றில்கூட இல்லை. ஆயில் வடிக்கிற போல்ட் மட்டும் பளபளவென்று இருந்தது. புது பம்ப்பும் இல்லை, பேரிங்கும் இல்லை. இரண்டு மாதச் சம்பளத்துக்கு நான் வாங்கியது தப்பான ஆயில்.

சரி, விளக்கமாகச் சொல்கிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது, இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் உடனே நிறுத்தி எஞ்சினை அணையுங்கள், ஆயில் அளவைப் பாருங்கள். எனக்கு ஸ்விட்ச் என்பதால் உங்களுக்கும் ஸ்விட்ச்தான் என்று ஓட்டிவிடாதீர்கள். நிஜமாகவே பிரஷர் இல்லாவிட்டால் பேரிங் சில நிமிஷத்திலேயே போய்விடும். கேஜ் மாட்டி, சூடான எஞ்சினில் உங்கள் கண் முன்னால் அளக்காமல் எதையும் பிரிக்க விடாதீர்கள். பிரிக்கும்போது போய் நில்லுங்கள். பில்லில் ஆயில் கிரேடு எழுதி வாங்குங்கள். ஸ்க்ரூடிரைவரைக் கையில் கொடுத்தால் வாங்காதீர்கள்.

காலையில் அந்தப் பழைய பம்ப் போட்டோவை சூப்பர்வைசருக்கு அனுப்பி, இது யார் காரிலிருந்து எடுத்தது என்று கேட்டிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்து மூன்று மணி நேரம் ஆகிறது.