டிக்கெட் எடுத்தாச்சு, குழாயில் தண்ணீர் வருமா? வேலூர் வட்டாரச் சுற்றுலா இடங்களின் கட்டணம் பற்றி

வேலூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்குப் போக்கிடம் நாலைந்துதான். ஊருக்குள்ளேயே கோட்டை. கணியம்பாடி வழியாக 25 கிலோமீட்டர் போனால் ஜவ்வாதுமலை அடிவாரத்தில் அமிர்தி. ஜோலார்பேட்டைப் பக்கம் 14 கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏலகிரி, அந்த மலைக்கு மறுபுறம் ஜலகாம்பாறை அருவி. வடார்க்காடாக இருந்த காலத்தில் எல்லாம் ஒரே மாவட்டம். 2019 பிரிவினைக்குப் பிறகு கடைசி இரண்டும் திருப்பத்தூர் மாவட்டம். அங்கெல்லாம் என்ன பார்க்கலாம் என்று எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். இங்கே பார்க்கப்போவது வாசலில் நீட்டும் காசை மட்டும்: அது எங்கே போகிறது, போட்ட காசுக்கு என்ன திரும்பி வருகிறது.

காசே கேட்காத இடத்திலிருந்து தொடங்கலாம். கோட்டை 133 ஏக்கர். சுற்றிலும் அகழி, உள்ளே ஜலகண்டேசுவரர் கோயில், 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி நடந்த மண். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம், ஆனால் மதிலுக்குள் நடக்க டிக்கெட் கிடையாது. அதே துறை மாமல்லபுரத்தில் 40 ரூபாயும் செஞ்சிக் கோட்டையில் 25 ரூபாயும் என்று வகை பிரித்து வாங்குகிறது. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். "இங்கேயும் டிக்கெட் போட்டால் கோட்டை பளபளன்னு இருக்கும்" என்று சொல்லும் ஆட்கள் உண்டு. அந்தக் கணக்கு சரியில்லை. தொல்லியல் துறை டிக்கெட் வசூல் மத்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போய்ச் சேர்கிறது. பராமரிப்புக்கான பணம் ஆண்டு ஒதுக்கீடாகத் தனியே வருகிறது. வாசலில் வசூல் கூடினால் அதே வாசலில் வேலை கூடும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. தவிர, விடிகாலையில் நடக்க வருகிறவரையும் சாமி கும்பிட வருகிறவரையும் வாசலிலேயே எப்படிப் பிரிப்பது? கோட்டை இலவசமாகவே இருக்கட்டும். உள்ளே இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் உண்டு, சிறு தொகைதான்; வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வாசலில் கொடுக்கும் காசுக்குப் பொதுவாக மூன்று வழி. ஒன்று மேலே சொன்ன அரசுக் கஜானா. இன்னொன்று வனத்துறை இடங்களில் நடப்பது: கிராம வனக்குழுவோ சூழல் மேம்பாட்டுக் குழுவோ வசூல் செய்து, குழுத் தலைவரும் வனத்துறை அலுவலரும் கூட்டாக இயக்கும் வங்கிக் கணக்கில் போடுவது. ஜப்பான் கடனுதவியோடு 1997-ல் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் இந்தக் குழுக்கள் தமிழ்நாடு முழுக்கப் பரவின. டிக்கெட் கிழிப்பவர், குப்பை பொறுக்குபவர், பாதை காட்டுபவர் எல்லாரும் அடுத்த ஊர்க்காரர்களாக இருப்பார்கள். கூலியும் அந்தக் கணக்கிலிருந்தே போகும். போட்ட காசு வாசலைத் தாண்டாமல் அங்கேயே சுற்றுவதால், மூன்றில் உருப்படியானது இதுதான்.

மூன்றாவது குத்தகை. பார்க்கிங், வாகன நுழைவு, கட்டணக் கழிப்பறை, சில இடங்களில் படகு. இதை உள்ளாட்சி அமைப்பு ஆண்டுக்கு ஒருமுறை ஏலம் விடும். ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு. ஏலம் எடுத்தவர் தொகையை முன்கூட்டியே கட்டிவிடுகிறார். அந்த நொடியிலிருந்து அவருக்கு ஒரே கவலை, கட்டியதை மே மாத விடுமுறை, ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல் என்று நாலு கூட்ட நாட்களில் எடுத்தாக வேண்டும். குழாய் உடைந்தால் மாற்றுவது அவருக்குச் செலவு, மாற்றாவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. வந்தவர் காசு கொடுத்தாயிற்று. உள்ளாட்சிக்கோ அந்தத் தொகை பொது வருமானம். தெருவிளக்கு மின்கட்டணத்துக்கும் போகும், சம்பளத்துக்கும் போகும். ஆக, காசு வாங்குகிறவருக்குப் பராமரிப்பு வேலையில்லை, பராமரிக்க வேண்டியவர் கைக்கு அந்தக் காசு நேராக வருவதில்லை. "இவ்வளவு வாங்குறாங்க, ஒரு பக்கெட் தண்ணி இல்ல" என்று பல இடங்களில் கேட்கும் புலம்பலின் வேர் இதுதான். ஆட்கள் கெட்டவர்கள் என்பதல்ல. ஒப்பந்தத்தில் பராமரிப்பு என்ற வரியே இருக்காது, இருந்தாலும் தவறினால் இவ்வளவு அபராதம் என்ற தொகை இருக்காது.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால் அமெரிக்காவில் 2004-ல் வந்த பொது நிலப் பொழுதுபோக்குக் கட்டணச் சட்டத்தைப் பார்க்கலாம். வசூலில் பொதுவாக 80 சதவீதத்துக்குக் குறையாமல் வசூலான இடத்திலேயே செலவழிய வேண்டும் என்பது விதி. அங்குள்ள வனத்துறை சாதாரண வசதிக் கட்டணம் வாங்க வேண்டுமானால் ஆறு வசதிகள் அந்த இடத்தில் இருந்தாக வேண்டும்: முறையான வண்டி நிறுத்துமிடம், நிரந்தரக் கழிப்பறை, நிரந்தரக் குப்பைத்தொட்டி, இடத்தைப் பற்றிய விளக்கப் பலகை, உட்கார்ந்து சாப்பிட மேசை, பாதுகாப்பு. வண்டியை நிறுத்தியதற்காக மட்டும் அந்தக் கட்டணத்தை வாங்கக் கூடாது. நம் ஊரில் பல இடங்களில் முதலில் நீட்டப்படுவதே பார்க்கிங் சீட்டுதான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

இந்த ஆறையும் மனதில் வைத்துக்கொண்டு அமிர்திக்குப் போங்கள். 1967-ல் திறந்த, 25 ஹெக்டேர் அளவுள்ள சிறு உயிரியல் பூங்கா. ஓரமாகக் காட்டாறு, மழைக்காலத்துக்குப் பின் அருவி. விலங்குகளை வண்டலூரோடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். மர நிழலுக்கும் மான்களுக்கும் என்றால் வாசல் காசு தாராளமாகத் தகும். காணும் பொங்கலன்று மட்டும் போகாதீர்கள். அன்றைக்கு எந்தப் பராமரிப்பும் தாங்காது.

ஏன் தாங்காது என்பதற்கு வெறும் தொட்டிக் கணக்கு போதும். சுற்றுலா இடக் கழிப்பறை மேல் வழக்கமாக நிற்பது 1,000 லிட்டர் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி. ஒருவர் உள்ளே போய் வந்தால், கால் கழுவுவதையும் சேர்த்து 10 லிட்டர் என்று வையுங்கள். நூறு பேரில் தொட்டி காலி. ஒன்பது மணிக்குத் திறந்தால் பதினொன்றுக்குள் நூறு பேர் வந்துவிடுவார்கள். மோட்டார் போடுபவர் டிக்கெட் கவுன்டரிலும் உட்கார்ந்திருப்பவர் என்றால், பகல் சாப்பாடு வரைக்கும் தொட்டி நிரம்பாது. தண்ணீர் இல்லாத கழிப்பறையில் அடுத்த ஐம்பது பேர் போனபின் யாரும் உள்ளே போகமாட்டார்கள். புதருக்குப் போவார்கள், புதர் சரிந்து ஓடையில் முடியும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். இன்னொரு தொட்டி, நீர் குறைந்தால் தானே ஓடும் மிதவை சுவிட்ச், பிளாஸ்டிக் குழாய்க்குப் பதில் அழுத்தினால் வந்து தானே நிற்கும் குழாய். மூன்றும் சில ஆயிரங்களில் முடிகிற வேலை. ஆனால் நுழைவுக் கட்டணம் ஏறும் ஆண்டில் முதலில் வருவது எப்போதும் சிமென்ட் வளைவும் செல்ஃபி எழுத்துமாகவே இருக்கிறது. குப்பைத்தொட்டியும் அப்படித்தான். மலையடிவாரத்தில் மூடியில்லாத தொட்டி வைப்பது குரங்குக்குத் தட்டு வைத்துப் பரிமாறுவது. தாழ்ப்பாள் போட்ட மூடி இருந்தால் நிர்வாகத்தில் யோசிக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று நம்பலாம்.

ஏலகிரியில் புங்கனூர் ஏரிப் படகுதான் பெரிய செலவு. படகுக் கட்டணத்தில் எதிர்பார்க்க வேண்டியது ஒன்று, லைஃப் ஜாக்கெட். கையில் கொடுத்ததும் போட்டுக்கொண்டு, கூட வந்தவரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் தாடையைத் தாண்டி ஏறினால் அது தண்ணீரிலும் ஏறிக் கழன்றுவிடும். பக்கிள் இல்லாமல் முடிச்சுப் போட்டுத் தந்தால் வேறொன்று கேளுங்கள். பெரியவர்களுடையதைப் பிள்ளைகளுக்குப் போடவே கூடாது. சிறியது இல்லையென்றால் படகு வேண்டாம், பூங்கா போதும். ஜலகாம்பாறையில் மழைக்காலம் முடிகிற வரைக்கும்தான் தண்ணீர். கோடையில் அங்கே பார்க்கிங் காசு கொடுப்பது பாறையைப் பார்க்கக் கொடுப்பது.

சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வாங்கியதும் மடித்துச் சட்டைப்பையில் திணிக்காமல் பாருங்கள். வசூலிக்கும் அமைப்பின் பெயர், அச்சிட்ட தொகை, வரிசை எண், தேதி முத்திரை நான்கும் வேண்டும். தொகை பேனாவால் திருத்தியிருந்தாலோ, வண்டி வகைக்கேற்ற கட்டணப் பலகை வாசலில் இல்லையென்றாலோ, பலகையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஏல நிபந்தனையில் வண்டி வகைவாரியாக வாங்கவேண்டிய தொகை குறித்திருக்கும். அதற்கு மேல் வாங்க ஏலதாரருக்கு உரிமை கிடையாது. கியூஆர் வைத்திருந்தால் காசு யார் பெயருக்குப் போகிறது என்று பணம் அனுப்பும் முன் திரையில் தெரியும். அமைப்பின் பெயரா, தனிநபர் பெயரா என்பதை அங்கேயே பார்த்துவிடலாம்.

கேட்க வேண்டிய இடம் வாசலில் நிற்கிற பையன் அல்ல. ஊராட்சி இடம் என்றால் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே பேச உள்ளூர் வாக்காளராக இருக்க வேண்டும். வெளியூர்க்காரருக்குத் தகவல் உரிமை மனு. வெள்ளைத்தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலர் முகவரி, பதிவுத் தபால். பதில் 30 நாளில் வரவேண்டும். "ஏன் சுத்தமாக இல்லை" என்று எழுதினால் பதில் வராது, அது தகவல் அல்ல. இப்படி எழுதுங்கள்: "கடந்த மூன்று நிதியாண்டுகளில் மேற்படி இடத்தின் நுழைவு மற்றும் வாகனக் கட்டணம் மூலம் கிடைத்த தொகை, அதே இடத்தின் கழிப்பறை, குடிநீர், குப்பை அகற்றலுக்குச் செலவிட்ட தொகை ஆண்டுவாரியாக, குத்தகை ஒப்பந்த நகல்."