ஓஹையோவா, சான் டிமெட்ரியோவா?

இரண்டாம் உலகப்போரின் எண்ணெய்க் கப்பல்களில் எதைப் பெரிதாகச் சொல்வது? ஓஹையோ அமெரிக்காவில் கட்டப்பட்டு, போருக்காகப் பிரிட்டன் வசம் போனது; 1942 ஆகஸ்டில் டார்பிடோ தாக்கி, நொறுங்கிய குண்டுவீச்சு விமானம் ஒன்று தளத்திலேயே வந்து விழுந்து, என்ஜினும் நின்றுபோக, இரு பக்கமும் போர்க்கப்பல்களைக் கட்டி, தளம் கிட்டத்தட்ட நீர்மட்டத்துக்குத் தாழ்ந்த நிலையில், ஆகஸ்ட் 15 அன்று மால்டாவுக்குள் இழுத்து வந்தார்கள். முற்றுகையில் தவித்த தீவு அந்த எண்ணெயில்தான் தாக்குப்பிடித்தது.

சான் டிமெட்ரியோ கதை வேறு. 1940 நவம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல் சுட்டதில் தீப்பிடிக்க, எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அப்புறம் ஒரு படகில் இருந்த 16 பேர், விமான பெட்ரோல் நிறைந்து எரிந்துகொண்டிருந்த அதே கப்பலில் மறுபடி ஏறி, தீயை அணைத்து, கரை சேர்த்தார்கள்! விளைவில் ஓஹையோ பெரிது, சரி. ஆனால் என் மனசு அந்த 16 பேர் பக்கம்தான்.