மதுரைக்கு எந்த வழி: மேலூர் சாலையா, காளையார்கோவில் சாலையா?

காரைக்குடியில் நின்று மதுரைக்கு வழி கேட்டால், குன்றக்குடிப் பக்கம்தான் எல்லோரும் கை காட்டுவார்கள். திருப்பத்தூர், மேலூர், அப்புறம் மாட்டுத்தாவணி. சுமார் 85 கிலோமீட்டர். ஊருக்கு வரும் உறவினர்களுக்கு நானும் பல ஆண்டுகளாக இதையே சொல்லிவந்தேன். போன ஆண்டு என் அயித்தையைக் கண் சிகிச்சைக்காக மதுரைக்கு அழைத்துப் போயிருந்தேன். திரும்பும்போது அவர், "சிவகங்கை வழியாகப் போ தம்பி, காளையார்கோவிலில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போகலாம்" என்றார். பிறந்த ஊர் கல்லல் என்பதால் அந்தச் சாலை அவருக்குத் தாய்வீட்டுச் சாலை. அன்றிலிருந்து இரண்டு சாலைகளிலும் மாறி மாறிப் போய்வருகிறேன். எதை யாருக்குச் சொல்லலாம் என்று இப்போது ஓரளவு தெளிவாகியிருக்கிறது.

நேரம்தான் முக்கியம் என்றால் பேச்சே இல்லை, மேலூர் சாலைதான். நான்கு வழிச்சாலையான பிறகு, மிதமான வேகத்தில் போனாலும் ஒன்றரை மணி நேரத்தில் மதுரையைத் தொட்டுவிடலாம். நோயாளி, கைக்குழந்தை, பிடிக்கவேண்டிய விமானம் என்று ஏதேனும் இருந்தால் வேறு வழியை நினைக்கவே வேண்டாம். சுங்கக் கட்டணம் உண்டு. கல்லல், காளையார்கோவில், சிவகங்கை, பூவந்தி, வரிச்சியூர் என்று போகும் மற்ற வழியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. கல்லல் வரை சாலை குறுகலானது. எதிரே பஸ் வந்தால் ஓரம் கட்டவேண்டும். காளையார்கோவிலில் கொச்சியிலிருந்து தொண்டிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 85 வந்து சேர்கிறது. அதன் பிறகு ஓட்டுவது எளிது.

மேலூர் சாலையை வெறும் வேகப் பாதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அதன் காரைக்குடி, திருப்பத்தூர்ப் பகுதி, திண்டுக்கல்லிலிருந்து நத்தம், சிங்கம்புணரி வழியாக வந்த பழைய மாநில நெடுஞ்சாலை 35-இன் கடைசித் துண்டு. பலகைகளும் எண்களும் வருவதற்கு வெகு காலம் முன்பே அந்தத் தடம் காலடியில் உருவானது. தைப்பூசத்துக்கு முன் நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடி, மருதிபட்டி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நடந்தே பழனிக்குப் போகின்றன. உப்பு வணிகத்துக்காகப் பழனிக்குப் போன நெற்குப்பைக்காரர் ஒருவரிடமிருந்து அந்த நடை தொடங்கியது என்பது நகரத்தார் வழக்கு. உப்பு மூட்டையும் காவடியும் போன தடத்தின்மேல்தான் பிற்பாடு தார் விழுந்தது. நான்கு வழிச்சாலையில் விரையும் இன்றைய காரும் திருப்பத்தூர் வரை அவர்கள் திசையில்தான் போகிறது. அதற்கு அப்பால் கீழவளவில் சமணர் படுக்கைகளும் தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டும் உள்ள குன்று இருக்கிறது. வண்டியை நிறுத்தி ஏறிப் பார்க்கவேண்டிய இடம்.

என் மனக்குறை ஒன்றுதான். சாலையை அகலமாக்கியபோது பழைய புளியமரங்கள் போய்விட்டன. சிறுவயதில் அந்தச் சாலையில் பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தால் முகத்தில் வெயிலும் நிழலும் மாறி மாறி விழும். இன்று நண்பகலில் அங்கே டயர் பஞ்சரானால் ஒதுங்கி நிற்க ஒரு மரம் கிடைப்பது அரிது. நடுத்திட்டில் அரளி வைத்திருக்கிறார்கள். அரளியின் நிழலில் யார் நிற்க முடியும்?

கல்லல் சாலைக்கு வருகிறேன். இதன் கதையில் சாலை போடுவதே ஒரு போராக இருந்தது. கல்லலை அடுத்த அரண்மனை சிறுவயல் மருது சகோதரர்களின் இருப்பிடம். அங்கிருந்து காளையார்கோவில் வரை அந்நாளில் அடர்ந்த காடு. அந்தக் காடே அவர்களுக்கு மதில். 1801-இல் கர்னல் அக்னியூவின் கும்பினிப் படை (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை) சிறுவயலைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முனைந்தது. ஆகஸ்ட் முழுவதும் வெட்டினார்கள். பகலில் வெட்டிய இடத்தில் மரத்துக்குப் பின்னாலிருந்து தாக்குதல் வந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் அந்தப் படை பாதை வேலையையே கைவிட்டுப் பின்வாங்கியது. மாற்று வழிகளில் சூழ்ந்து வந்த பிறகுதான் அக்டோபர் 1 அன்று காளையார்கோவில் வீழ்ந்தது. பீரங்கிகளோடு வந்த படை ஒரு மாதம் உழைத்தும் முடிக்காத தூரத்தை நாம் அரை மணி நேரத்தில் கடக்கிறோம். அந்தக் காடு இன்று இல்லை. கருவேலமும் செம்மண் பொட்டலும் கண்மாய்க் கரைகளும்தான் மிச்சம்.

சிறுவயலையும் சிறாவயலையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். நல்ல நூல்களில்கூட இந்தப் பிழையைப் பார்த்திருக்கிறேன். மேலே சொன்னது அரண்மனை சிறுவயல், கல்லல் சாலைக்காரர்களின் ஊர். சிறாவயல் பிள்ளையார்பட்டிக்கு அருகே, திருப்பத்தூர்ச் சாலைப் பக்கம் இருக்கிறது. பொதுவுடைமைத் தலைவர் ஜீவா (ப. ஜீவானந்தம்) ஆசிரமம் நடத்தியதும், 1927-இல் காந்தி வந்து அவரைச் சந்தித்ததும், தை மூன்றாம் நாள் மஞ்சுவிரட்டு நடப்பதும் அங்கேதான்.

காளையார்கோவிலை அடையும் முன்பே கோபுரங்கள் தெரிந்துவிடும். இரண்டில் உயரமானது மருதுபாண்டியர் எழுப்பியது. மானாமதுரைச் சூளையிலிருந்து இங்கு வரை மக்கள் வரிசையாக நின்று செங்கல்லைக் கைமாற்றிக் கொடுத்தார்கள் என்று ஊரில் சொல்கிறார்கள். அயித்தை அதைச் சொல்லும்போது தன் கைகளையும் அப்படியே நீட்டிக் காட்டினார். 1772-இல் சிவகங்கை மன்னரும் வேலுநாச்சியாரின் கணவருமான முத்துவடுகநாதர் கொல்லப்பட்டதும் இந்த ஊரில்தான். வேலுநாச்சியாரின் போராட்டம் இங்கிருந்து தொடங்குகிறது. மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று தூக்கிலிடப்பட்டது திருப்பத்தூரில், அடக்கமானது காளையார்கோவிலில். முதலாவது மேலூர் சாலையிலும் இரண்டாவது கல்லல் சாலையிலும் இருக்கின்றன. ஒரு வழியாகப் போய் மறு வழியாகத் திரும்புகிறவருக்குத்தான் இந்த வரலாறு முழுதாகக் கிடைக்கும்.

சிவகங்கைக்குப் பிறகு வரிச்சியூர்க் குன்றைத் தவிர சொல்ல அதிகமில்லை. அங்கும் சமணர் படுக்கைகள் உண்டு. கருப்பாயூரணியில் மதுரையின் நெரிசல் தொடங்கிவிடும். மாலை ஆறு மணிக்கு மேல் அங்கே அரை மணி நேரம் கூடுதலாகப் போகும். மேலூர் வழியில் நகருக்குள் நுழைவது இதைவிட எளிது.

திருப்பத்தூர் வரை ஒரு வழியாகவும், பிறகு திருக்கோஷ்டியூர், சிவகங்கை என்று மறு வழியாகவும் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ராமாநுஜர் ஏறி நின்ற கோபுரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் போகலாம். மதுரைக்கு மட்டும் என்றால் அது வீண் சுற்று.

ஆகவே என் பரிந்துரை இது. போகும்போது மேலூர் சாலை. காலை வேலையை முடித்துக்கொண்டு பிற்பகல் மூன்று மணிக்குள் மதுரையை விட்டுக் கிளம்பிச் சிவகங்கை, காளையார்கோவில், கல்லல் வழியாகத் திரும்புங்கள். கோவில் நடை திறக்கும் நேரத்துக்குக் காளையார்கோவில் வந்துவிடலாம். கல்லலைத் தாண்டும்போது இருட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே மாடுகள் சாலையில்தான் வீடு திரும்பும்.

இரண்டு நாட்களுக்கு மட்டும் இதை மாற்றிக்கொள்ள வேண்டும். தை மூன்றாம் நாள் மஞ்சுவிரட்டுக் கூட்டத்தால் திருப்பத்தூர்ச் சாலையில் நகர முடியாது. அன்று போகவும் வரவும் கல்லல் வழி. அக்டோபர் 27 மருதுபாண்டியர் குருபூஜை. காளையார்கோவிலைச் சுற்றிலும் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். வெளியூர் வண்டிகள் அன்று மேலூர் சாலையிலேயே போய்வரட்டும். நானும் அயித்தையும் அந்த நாளில் கல்லல் வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து உறவினர்களோடு சேர்ந்து காளையார்கோவிலுக்குப் போவதாக இருக்கிறோம்.