இட்ராகொனசோலா, டெர்பினாஃபினா? படர்தாமரைக்கான மாத்திரைகள் குறித்த ஓர் ஒப்பீட்டு அலசல்

களிம்புக்கு அடங்காமல் இடுப்பு, தொடையிடுக்கு, முதுகு என்று பரவிவிட்ட படர்தாமரைக்குத் தோல் மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதித் தருவது இட்ராகொனசோல் அல்லது டெர்பினாஃபின் ஆகிய இரண்டில் ஒன்றைத்தான். ஃப்ளுகொனசோலும் கிரிசியோஃபுல்வினும் அதற்கு அடுத்த வரிசையில் இருக்கின்றன. இவற்றில் எதற்குப் பவர் அதிகம் என்பதே மருந்துக்கடை வாசலில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி. என் பார்வையில் அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: நாம் ஏற்கெனவே அன்றாடம் விழுங்கிக்கொண்டிருக்கும் மாத்திரைகளோடும், நம் கல்லீரல், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றின் நிலையோடும் இவற்றில் எது ஒத்துப்போகும்?

இட்ராகொனசோலை முதலில் எடுத்துக்கொள்வோம். காப்ஸ்யூலைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே கடுகைவிடச் சிறிய உருண்டைகள் நிறைந்திருக்கும். மருந்து அந்த உருண்டைகளின் மேல் பூச்சாகவே இருக்கிறது. அந்தப் பூச்சு கரைவதற்கு இரைப்பையில் அமிலம் வேண்டும். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் அமிலம் நன்கு சுரப்பதால், வழக்கமான காப்ஸ்யூலை முழு உணவு முடிந்த கையோடு விழுங்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் மருந்தின் பெரும்பகுதி உடலில் சேராமலேயே வெளியேறிவிடும். இதே மருந்தின் திரவ வடிவம் நேர்மாறாக வெறும் வயிற்றில் குடிக்க வேண்டியது. உணவைப் பொருத்து உறிஞ்சுதல் அதிகம் மாறாதபடி தயாரித்த, 50 அல்லது 65 மில்லிகிராம் அளவுள்ள புதுவகைக் காப்ஸ்யூல்களும் கிடைக்கின்றன. ஆகவே கையிலிருப்பது எந்த வகை என்பதைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை வாங்குவது சரியல்ல.

இங்கேதான் நம் வீடுகளில் பலரும் அறியாமல் இடறும் இடம் வருகிறது. காலையில் எழுந்ததும் கேஸ் மாத்திரை போடும் பழக்கம் பலருக்கு உண்டு. பான்டோபிரசோல் போன்ற அந்த மாத்திரைகள் அமிலச் சுரப்பையே அடக்குவதால் இட்ராகொனசோல் கரையாமல் போகிறது. நோயாளியோ வாரக்கணக்கில் மருந்து சாப்பிட்டும் அரிப்பு குறையவில்லை என்று நொந்துபோகிறார். அந்தக் கேஸ் காப்ஸ்யூலில் குமட்டல், வாந்திக்கான டோம்பெரிடோன் சேர்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். இட்ராகொனசோல் டோம்பெரிடோனின் அளவை இரத்தத்தில் உயர்த்தி, இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்பதால் இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. ஒரே கேஸ் காப்ஸ்யூல் ஒருபுறம் மருந்தை வீணாக்குகிறது, மறுபுறம் ஆபத்தை வளர்க்கிறது. கேஸ் மாத்திரை போடுபவர்கள் அதை மருத்துவரிடம் தாமாகவே முன்வந்து சொல்லிவிட வேண்டும் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் அதை ஒரு மருந்தாகவே நினைக்காததால் நாம் சொல்ல மறந்துவிடுகிறோம்.

மற்ற மருந்துகளோடு மோதுவதிலும் இட்ராகொனசோலுக்குத்தான் முதலிடம். கல்லீரலில் பல மருந்துகளைச் சிதைக்கும் ஒரு முக்கிய நொதியை அது முடக்கிவிடுவதால், கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டின் இரத்தத்தில் தேங்கித் தசைகளைச் சிதைக்கலாம். இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. அதே வகையைச் சேர்ந்த அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. பிரஷருக்கான அம்லோடிப்பினின் அளவும் கூடிக் கால் வீங்கலாம். ஆனால் இட்ராகொனசோலே இதயத்தின் சுருங்கும் திறனைக் குறைக்கக்கூடியது, இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குப் படர்தாமரைக்காகவோ நகப்பூஞ்சைக்காகவோ அதைக் கொடுக்கக் கூடாது என்பதால், சிகிச்சையின் நடுவே வரும் கால்வீக்கத்தைப் பிரஷர் மாத்திரையின் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. வீக்கத்தோடு மூச்சிரைப்பும் சேர்ந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

டெர்பினாஃபின் இந்த வகையில் எளிமையானது. பெரியவர்களுக்கு வழக்கமான அளவு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்ற கவலை இல்லை, கேஸ் மாத்திரையாலும் பெரிய பாதிப்பு இல்லை. அது முடக்குவது வேறொரு நொதியை. ஆகவே பிரஷருக்கான மெட்டோபுரோலால் சாப்பிடுபவர்களுக்கு நாடித்துடிப்பு குறையலாம், மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலினின் விளைவுகள் கூடலாம், மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபெனின் பலன் குறையக்கூடும். காபியிலுள்ள காஃபீன் உடலிலிருந்து வெளியேறும் வேகத்தையும் இது சுமார் 19 சதவீதம் குறைக்கிறது. நாளுக்கு நாலைந்து முறை காபி குடிப்பவர்கள் தூக்கம் கெட்டால் இதையும் நினைவில் கொள்ளலாம். சிலருக்கு நாக்கில் சுவை தெரியாமல் போகும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பிவிடும் என்றாலும் அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், சுவை மாறத் தொடங்கியதுமே தெரிவித்துவிட வேண்டும். நாள்பட்ட கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கு டெர்பினாஃபின் ஏற்றதல்ல. தொடங்கும் முன் கல்லீரல் இரத்தப் பரிசோதனை செய்வது முறை.

பாதுகாப்பில் இவ்வளவு அனுகூலம் இருந்தும் டெர்பினாஃபினை எல்லோருக்கும் எழுத முடியாததற்குக் காரணம் பூஞ்சையின் பக்கம் இருக்கிறது. 2020இல் ட்ரைகோஃபைட்டான் இன்டோட்டினியே என்று பெயரிடப்பட்ட படர்தாமரைப் பூஞ்சை இனம் இந்தியாவில் பரவலாகக் காணப்படுகிறது. டெர்பினாஃபின் தாக்கும் நொதிக்கான மரபணுவில் மாற்றம் கண்ட அதன் வகைகள் அம்மருந்துக்கு அடங்குவதில்லை. மோதல்கள் அதிகம் என்று தெரிந்தும் மருத்துவர் இட்ராகொனசோலைத் தேர்ந்தெடுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஃப்ளுகொனசோலின் வசதி, வாரம் ஒரு மாத்திரை என்ற முறையிலும் கொடுக்க முடிவதுதான். உணவும் அமிலமும் அதற்கு ஒரு பொருட்டல்ல. ஆனால் சர்க்கரை நோயாளிகள் இதில் மிகுந்த கவனமாக இருக்க வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சுகர் மாத்திரைகள் உடலில் சிதைவதை ஃப்ளுகொனசோல் தடுப்பதால் சர்க்கரை திடீரென இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின் ஆகியவற்றின் அளவையும் அது உயர்த்துகிறது. பெரும்பகுதி சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகப் பழுது உள்ளவர்களுக்குத் தொடர்ந்து கொடுக்கும்போது அளவைக் குறைக்க வேண்டும்.

கிரிசியோஃபுல்வின் பழைய மருந்து. குழந்தைகளின் தலைப்பூஞ்சைக்கு இன்னும் பயன்படுகிறது. கொழுப்புள்ள உணவோடு கொடுக்க வேண்டும், வெயிலில் தோல் எளிதில் கன்றிவிடும், மது அறவே கூடாது. கீட்டோகொனசோல் மாத்திரையைப் படர்தாமரைக்கு நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. கடுமையான கல்லீரல் பாதிப்பின் காரணமாக 2013இல் ஐரோப்பாவில் அதை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தார்கள், அமெரிக்காவில் அதன் பயன்பாட்டைக் கடுமையாகக் குறுக்கினார்கள். ஷாம்பூவாகவும் களிம்பாகவும் வருவது வேறு கதை.

ஆக, பிரஷர், கொழுப்பு, கேஸ் என்று பல மாத்திரைகள் சாப்பிடும் முதியவருக்கு, கல்லீரல் நன்றாக இருக்கும் பட்சத்தில், டெர்பினாஃபினிலிருந்து தொடங்குவது பொருத்தம் என்பது என் கருத்து. அதற்கு அடங்காத நோயுள்ள, வேறு மருந்துகள் ஏதும் சாப்பிடாத இளைஞருக்கு இட்ராகொனசோல் ஏற்றது. காசநோய்க்காக ரிஃபாம்பிசின் சாப்பிடுபவருக்கு இட்ராகொனசோல் ஏறக்குறைய வீண், டெர்பினாஃபினின் அளவும் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், அவருக்கான முடிவை இரு மருத்துவர்களும் கலந்துபேசியே எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தரிக்கத் திட்டமிடுபவர்களுக்கும் படர்தாமரைக்காக இந்த மாத்திரைகளைப் பொதுவாகத் தொடங்குவதில்லை. களிம்போடு சமாளிப்பதே வழக்கம்.

எதைச் சாப்பிட்டாலும், பசியின்மை, ஓயாத குமட்டல், மேல்வயிற்று வலி, கண் மஞ்சளாதல், கடுந்தேநீர் நிறத்தில் சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அடுத்த மாத்திரையைப் போடாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாறாக, அரிப்பு அடங்கிவிட்டது என்பது மாத்திரையை நிறுத்துவதற்கான அறிகுறி ஆகாது. தடிப்பு மறைந்த பிறகும் சில வாரங்கள் தொடரும்படி மருத்துவர் சொல்லியிருந்தால் அதுவரை சாப்பிட்டே ஆக வேண்டும். வீட்டில் இன்னொருவருக்கும் அதே படை வந்திருந்தால் அவருக்கும் சிகிச்சை தேவைதான். ஆனால் அவர் சாப்பிடும் மற்ற மருந்துகள் வேறாக இருக்கும் என்பதால், மீந்த அட்டையைக் கொடுக்காமல் அவரையும் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.