அன்றாடப் பயணத்துக்கு உயர்திறன் டயர் தேவையா?

உயர்திறன் டயரின் ரப்பர் கலவை பொதுவாக மென்மையானது, பக்கச்சுவர் விறைப்பானது. அதனால் வளைவுகளில் பிடிப்பும், ஸ்டீயரிங்கின் திருப்பத்துக்கு வண்டி உடனே இசையும் தன்மையும் சாதாரண டயரைவிடக் கூடுதலாக இருக்கும். ஆனால் அந்த மென்மையே தேய்மானத்தை விரைவுபடுத்துகிறது. டயரில் பொறிக்கப்படும் டிரெட்வேர் எண் (கூடக் கூட டயர் மெதுவாகத் தேயும் என்று காட்டும் எண்) சாதாரண வகைகளில் பெரும்பாலும் 400-க்கு மேலும், உயர்திறன் வகைகளில் பெரும்பாலும் அதற்குக் கீழும் இருப்பது இதனால்தான்.

வேகத் தகுதியைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. ‘எச்’ என்ற எழுத்து மணிக்கு 210 கி.மீ. வரையும், ‘டபிள்யூ’ 270 கி.மீ. வரையும் தாங்கும் என்று குறிக்கிறது. இந்தியாவின் விரைவுச் சாலைகளிலோ கார்களுக்கான உச்சவரம்பு 120 கி.மீ. மட்டுமே. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில்கூட, பொறுப்போடு ஓட்டுபவர் சாதாரண டயரின் பிடிப்பு எல்லையை நெருங்குவதில்லை.

குண்டும் குழியுமான நகரச் சாலைகளில், உயர்திறன் டயர்களில் பெரும்பாலும் காணப்படும் உயரம் குறைந்த பக்கச்சுவர் அதிர்ச்சியைப் போதிய அளவு உள்வாங்காததால், பக்கச்சுவர் வீங்குவதற்கும் ரிம் வளைவதற்கும் வாய்ப்பு கூடுகிறது. இரைச்சலும் சற்று அதிகம்.

உயர்திறன் வகையின் உண்மையான வலிமை ஈரச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது தெரியும். மழையில் நெடுஞ்சாலைப் பயணம் வழக்கமானவர் அதற்காகக் கூடுதல் விலை தருவது நியாயமே. எனினும் டயர்ப் பரப்பிலுள்ள பள்ளங்களின் ஆழம் 1.6 மி.மீ.-ஐ நெருங்கும் அளவுக்குத் தேய்ந்த உயர்திறன் டயரைவிட, புதிய சாதாரண டயரையே மழைக்காலத்தில் நான் தேர்ந்தெடுப்பேன்.