ஸ்கிரைபஸில் ஆறு ஆண்டுகள்: ஒரு மாணவர் இதழின் அனுபவம்

எங்கள் பல்கலைக்கழகத் தமிழ்த்துறை மாணவர்கள் நடத்தும் காலாண்டிதழில் 2017இல் மெய்ப்புத் திருத்தச் சேர்ந்தேன். பிறகு ஆசிரியர் குழுவில் இருந்தேன், ஆய்வுக்கு வந்தபின் குழுவுக்குக் கைகொடுக்கும் அக்காவாக இருக்கிறேன். விட்டுப் போக மனம் வரவில்லை. டெம்மி கால் அளவு, 32 பக்கம், உள்ளே ஒற்றை வண்ணம், அட்டை மட்டும் பல வண்ணம், சென்டர் பின். அட்டையின் கீழே ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று இருக்கும். 2019 முதல் எல்லா இதழ்களையும் ஸ்கிரைபஸ் என்ற, பக்கம் வடிவமைக்கும் கட்டற்ற மென்பொருளில்தான் வடிவமைக்கிறோம். இதே வேலையில் இருக்கும் வேறு கல்லூரித் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன்.

மாறியதற்குக் காரணம் ஒரு குறுந்தட்டு. 2018இல் எங்கள் பேராசிரியர் ஒருவர் ஓய்வுபெற்றார். சிறப்பிதழுக்காக, பல ஆண்டுகளுக்கு முன் இதே இதழில் வந்த அவருடைய நேர்காணலை மறுபடியும் வெளியிட நினைத்தோம். குறுந்தட்டு கிடைத்தது, கோப்பும் திறந்தது. ஆனால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தது. அந்தக் காலத்தில் டிடிபி கடையில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்த பழைய குறியாக்க எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அதன் கடைசிப் பதிப்பு வந்ததே 2001இல். எந்த எழுத்துரு என்று சொல்லக் கடைக்காரரும் இல்லை, பழைய குழுவில் யாரும் ஊரில் இல்லை. அச்சிதழைப் பார்த்து ஆறு பக்கத்தையும் இரண்டு பேர் உட்கார்ந்து திரும்பத் தட்டினோம்.

மாணவர் இதழில் ஆசிரியர் குழு ஆண்டுதோறும் மாறும். இந்த ஆண்டு எல்லாம் தெரிந்த பிள்ளை அடுத்த ஆண்டு வேலைக்குப் போய்விடும். அதனால் ஒரு மென்பொருளைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது, அழகாக வருமா என்பதை அல்ல, நமக்கு அடுத்து வருகிற பிள்ளைகளால் இந்தக் கோப்பைத் திறக்க முடியுமா என்பதைத்தான்.

அந்த விஷயத்தில் ஸ்கிரைபஸ் எங்களைக் கைவிடவில்லை. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடுகிறது, காசு இல்லை. உரிமம் வாங்கத் துறைக்கு விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க வேண்டாம். விடுதி அறையில் யாருடைய மடிக்கணினியிலும் நிறுவிக்கொள்ளலாம். இதழ் முடிந்ததும் ‘கலெக்ட் ஃபார் அவுட்புட்’ கொடுத்தால் கோப்பு, படங்கள், எழுத்துருக்கள் எல்லாம் ஒரே உறைக்குள் (ஃபோல்டர்) வந்து சேரும். எங்கள் குழுவில் நான் வற்புறுத்தும் ஒரே சடங்கு அதுதான்.

தமிழ் எப்படி வருகிறது என்று எல்லாரும் கேட்பார்கள். ஸ்கிரைபஸின் பழைய 1.4 வரிசையில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று நிற்கும். 2017இல் வந்த 1.5.3இல் எழுத்துகளைக் கோக்கும் பகுதியைப் புதிதாக எழுதினார்கள், அதன்பின் தமிழ் ஒழுங்காக வருகிறது. 2024 ஜனவரியில் 1.6 நிலையான பதிப்பாக வரும்வரை நாங்கள் 1.5 சோதனைப் பதிப்பிலேயே ஓட்டினோம். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பில் திறக்க முடியாது. ஆண்டுத் தொடக்கத்திலேயே எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பை ஏற்றிவிடுங்கள்.

குறைகளும் உண்டு. நீண்ட கட்டுரையைப் பக்கத்தில் வைத்தே திருத்தினால் கை ஒரு பக்கம் போக, திரை மெதுவாகப் பின்னால் வரும். உரையை மட்டும் தனியாகக் காட்டும் ஸ்டோரி எடிட்டரில் திருத்துவதே நல்லது. வெளியிலிருந்து ஒட்டும்போது தடித்த எழுத்து, சாய்வெழுத்து எல்லாம் போய்விடும், திரும்பப் போட வேண்டும். பக்கத்தை நெடுக்காக மூன்று பத்தியாகப் (காலம்) பிரித்தால் தமிழின் நீளச் சொற்களால் வரிக்குள் பெரிய பெரிய ஓட்டைகள் விழும். இரண்டு இதழ் போராடிப் பார்த்துவிட்டு இரண்டு பத்திக்கு வந்தோம், கண்ணுக்கும் இதமாக இருக்கிறது.

பெரிய பாடம் ஒன்று வண்ணப்பட்டியலில் இருந்தது. அதில் ‘பிளாக்’ என்றும் ‘ரெஜிஸ்ட்ரேஷன்’ என்றும் இரண்டு இருக்கும். திரையில் இரண்டும் கறுப்புதான். இரண்டாவது, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுகின்றனவா என்று அச்சகத்தார் பார்க்கும் பொருத்தக்குறிகளுக்கானது, வண்ணத்துக்கு ஒன்றாக இருக்கும் நான்கு அச்சு பிளேட்டிலும் ஏறும். 2021 இதழின் பின்னட்டைக் கவிதையை அதில் வைத்துவிட்டோம். பிளேட்டுகள் ஒரு முடி அளவு விலகியதில் ஒவ்வோர் எழுத்துக்கும் சிவப்பும் நீலமுமாக நிழல். கவிதை எழுதிய முதலாண்டுப் பெண் இதழைக் கையில் வாங்கிப் பார்த்த முகம் எனக்கு மறக்கவே இல்லை. அடுத்த இதழில் அந்தக் கவிதையை உள்பக்கத்தில் முழுப்பக்கமாகத் திரும்பப் போட்டோம்.

மென்பொருள் எதுவானாலும், பிழைதிருத்துகிறவர்கள் பார்க்க வேண்டிய இன்னொன்று உண்டு. மூன்று ஆண்டு இதழ்களுக்குப் பெயரடைவு தயாரித்தபோது ‘ஆசிரியர்’ என்று தேடினால் பாதிதான் வந்தது. மீதியில் ‘ஆசிரியா்’ என்று இருந்தது. கண்ணால் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கட்டுரைகளில் ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்காலும் அதன்மேல் புள்ளியும் வந்திருந்தன. ‘கௌ’ என்பதற்குக் கொம்பும் ‘ள’வும் சேர்த்துக் ‘கெள’ என்று தட்டியவர்களும் இருந்தார்கள். இப்போது கட்டுரை கைக்கு வந்ததுமே, பக்கத்தில் ஏற்றும் முன், இந்த இரண்டையும் தேடி மாற்றிவிடுகிறோம். பீடிஎஃப் இருக்கிறதே, அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பும் காலும் பெரும்பாலும் கலைந்துதான் வரும். திருத்தி முடித்த இறுதி உரையைத் தனியாக, வெறும் உரைக்கோப்பாகவும் வைத்துக்கொள்கிறோம்.

அச்சகத்தில் இதுவரை சிக்கல் இல்லை. அவர்களுக்கு வேண்டியது பீடிஎஃப்தான், எதில் செய்தோம் என்று கேட்பதில்லை. பக்கம் மட்டும் நான்கின் மடங்கில் இருக்க வேண்டும். 33ஆம் பக்கத்துக்கு ஒரு சிறுகதையின் கடைசி நான்கு வரி தாண்டிப் போன இரவுகளை இந்தக் குழுவில் இருந்த எல்லாரும் பார்த்திருக்கிறோம். அப்போது எழுத்தைச் சுருக்காதீர்கள், எழுதியவரைக் கூப்பிட்டு எதை எடுக்கலாம் என்று கேளுங்கள். இரவு பதினொன்றுக்கும் எடுத்துப் பேசுவார்கள்.

சென்ற மாதம் இப்போதைய ஆசிரியர், இரண்டாமாண்டு மாணவி, 2019 டிசம்பர் இதழில் வந்த ஒரு நாட்டுப்புறப் பாடல் தொகுப்பு வேண்டும் என்றாள். பாடிக் கொடுத்த ஆச்சி காலமாகிவிட்டார், அவர் ஊர்க்காரர்கள் கேட்டார்களாம். உறை எங்கே இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் நான்கு பக்கத்தையும் தனியாகப் பிரித்து, ஆச்சியின் படத்தை முகப்பில் வைத்து, அச்சுக்கு அனுப்பத் தயாராக வைத்திருந்தாள்.