பழைய காருக்கு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ: 21,500 ரூபாயைப் பறிகொடுத்தவனின் எச்சரிக்கை

பழைய காரை வாங்கி, அதில் ஒரு பெரிய டச் ஸ்கிரீன் மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போக வேண்டும் என்பதற்காக, கோபம் அடங்குவதற்கு முன்பே எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லவில்லை. சீட் கவர், மேட், ஹாரன், ஸ்பீக்கர் எல்லாம் விற்று, வாசலிலேயே வண்டியை நிறுத்தி மாட்டிக் கொடுக்கும் கார் அக்சஸரீஸ் கடை. அப்படியொன்று உங்கள் ஊரிலும் இருக்கும். நான் கொடுத்த தொகை 21,500 ரூபாய். கடைக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய 2013 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட். வண்டி நன்றாக ஓடுகிறது. அதோடு வந்த ஸ்டீரியோவும் நன்றாகவே பாடிக்கொண்டிருந்தது, ஆனால் மேப் பார்க்க வழியில்லை, ரிவர்ஸ் கேமராவும் இல்லை. எங்கள் தெருவோ குறுகலானது, எந்த நேரமும் குழந்தைகள் விளையாடும் இடம். கேமராவுக்காகத்தான் முக்கியமாகப் போனேன்.

கடை முதலாளி வயதில் மூத்தவர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். நான் கேட்காமலேயே, "சார், பல கடையில 2 ஜிபி செட்டை 8 ஜிபின்னு சொல்லி தலையில கட்டிடுறாங்க. நம்மகிட்ட அந்த வேலையே கிடையாது" என்றார். பிறகு ஒன்பது இன்ச் செட் ஒன்றைக் கவுன்டரிலேயே ஆன் செய்து, செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். ஆண்ட்ராய்டு 13, ராம் 8 ஜிபி, ஸ்டோரேஜ் 128 ஜிபி என்று எழுத்து எழுத்தாக இருந்தது. "நான் சொல்றத நம்ப வேணாம், நீங்களே படிச்சுப் பாருங்க." பொருளே தன் வாயால் சாட்சி சொல்லும்போது எவர்தான் சந்தேகப்படுவார்? வண்டியின் வயர்களோடு அப்படியே செருகிக்கொள்ளும் இணைப்பான கப்ளரைப் போட்டு மாட்டுவதால் வயர் ஒன்றைக்கூட வெட்ட மாட்டோம் என்றும், ஸ்டீயரிங்கில் இருக்கும் வால்யூம் பட்டன்கள் அப்படியே வேலை செய்யும் என்றும், ஒரு வருட வாரண்டி என்றும் சொன்னார். பில் கேட்டதற்கு, பில் போட்டால் ஜிஎஸ்டி கூடும், வாரண்டிக்குத் தன் கையெழுத்து போதும் என்று சொல்லி 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த சீட்டில் எழுதிக் கொடுத்தார். செட், கேமரா, ஃபிரேம், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 21,500 ரூபாய்.

முதல் சில நாட்கள் குறையில்லை. அதன் பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. மேப்பும் பாட்டும் சேர்ந்து ஓடினால் திரை உறைந்து நிற்கும். திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டிய பிறகுதான் அம்புக்குறி திரும்பும். போனில் பேசினால் எதிர்முனையில் இருப்பவருக்குக் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும், ஏனென்றால் தனி மைக் வைக்காமல் செட்டுக்குள் இருக்கும் மைக்கையே விட்டிருக்கிறார்கள். இவற்றையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ரிவர்ஸ் கியர் போட்டதும் வர வேண்டிய கேமரா படம், கருப்புத் திரையாகவே நின்று, வண்டி பாதி தூரம் பின்னால் வந்த பிறகு தோன்றுகிறதே, அதை எப்படிப் பொறுப்பது? குழந்தைகள் ஓடும் தெருவில் அது உயிர் விஷயம்.

பிறகு பேட்டரி படுத்தது. வண்டியை இரண்டு நாள் எடுக்காமல் விட்டால் செல்ஃப் எடுக்கவில்லை. கடையில் சொன்னதும், "பழைய வண்டி சார், பேட்டரி போயிருக்கும், மாத்திடுங்க" என்றார்கள். மாற்றினேன்; கடையில் கொடுத்த 21,500 ரூபாய் போக, அது தனிச் செலவு. புது பேட்டரியும் அதே போல் படுத்தது.

இறுதியில் எங்கள் பகுதியில் இருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டினேன். சாவியை எடுத்து, கதவுகளையெல்லாம் மூடி, சிறிது நேரம் விட்டு, பேட்டரியின் நெகட்டிவ் பக்கம் மீட்டரை வைத்தார். நிறுத்திய வண்டியில் ஏறக்குறைய 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்க வேண்டிய மின்சாரம் 0.7 ஆம்பியர், அதாவது 700 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. 35 ஏஎச் (ஆம்பியர்-மணி) கொள்ளளவுள்ள பேட்டரி இந்தக் கணக்கில் இரண்டு நாளில் காலியாகிவிடும் என்று அவர் சொன்னபோதுதான் விஷயம் விளங்கியது. செட்டை வெளியே இழுத்துப் பார்த்தோம். கப்ளர் என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. வண்டியோடு வந்த கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு, வயர்களைக் கையால் முறுக்கிக் கருப்பு டேப் சுற்றியிருந்தார்கள். வெயிலில் பசை இளகி, டேப் விலகி, செம்பு வெளியே தெரிந்தது. செட்டின் மஞ்சள் வயருக்கு எப்போதும் பேட்டரி மின்சாரம் வர வேண்டும், நினைவில் இருப்பவை அழியாமல் இருப்பதற்காக. சிவப்பு வயருக்குச் சாவியைத் திருப்பினால் மட்டுமே வர வேண்டும், அதை வைத்துத்தான் செட் விழிப்பதும் உறங்குவதும். இரண்டையும் சேர்த்து முறுக்கி ஒரே லைனில் கொடுத்திருந்தார்கள். அதனால் வண்டி நின்ற பிறகும் அந்தச் செட் இரவெல்லாம் உறங்காமல் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஸ்டீயரிங் பட்டன்களின் வயரோ எதிலும் சேராமல் தொங்கியது.

அந்த 8 ஜிபியும் பொய். செட்டிங்ஸ் பக்கத்தில் தெரியும் எண்களை விற்பவர்களின் சாஃப்ட்வேரிலேயே விருப்பம்போல மாற்றி எழுதிவிட முடியும் என்பதை அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். சோதிக்கும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் ராம் 2 ஜிபிக்கும் குறைவு. சிப், மலிவு செட்டுகளில் வரும் பழைய ஏசி8227எல். 128 ஜிபி ஸ்டோரேஜில் பாட்டுகளை ஏற்றினால் 10 ஜிபியைத் தொடுவதற்குள் இடமில்லை என்கிறது. அடுத்த கடைக்காரன் ஏமாற்றுவான் என்று எச்சரித்த அதே மனிதர், அதே ஏமாற்று வேலையை என் கண் முன்னால் காட்டி 21,500 ரூபாய் வாங்கியிருக்கிறார். இதை நினைக்கும்போதுதான் வயிறு எரிகிறது.

அதன் பிறகு அலைக்கழிப்பு. "அப்டேட் வரும் சார், வெயிட் பண்ணுங்க." "மாட்டின பையன் ஊருக்குப் போயிருக்கான்." "செட்டைக் கழற்றிக் கொடுங்க, கம்பெனிக்கு அனுப்பணும். எப்ப வரும்னு சொல்ல முடியாது." வாட்ஸ்அப்பில் வயர்களின் படங்களை அனுப்பினால் நீலக் குறி விழுகிறது, பதில் இல்லை. நேரில் போனபோது, டீ வாங்கிக் கொடுத்த அதே மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வெளியில காட்டி வயரைக் கழட்டிட்டீங்க, இனி வாரண்டி கிடையாது" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்குச் சீட்டின் அடியில் இருக்கும் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற வரியை விரலால் தட்டிக் காட்டினார். அந்த வரி செல்லாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், பில் கொடுக்காமல் விற்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிப்பிடவில்லை என்றால் 30 நாட்களுக்குள் பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர வேண்டும். எனக்கு அந்த 30 நாட்களும் "அப்டேட் வரும்" என்ற பேச்சிலேயே கரைந்துவிட்டன. வேண்டுமென்றேதான் இழுத்தடித்தார்கள் என்று உறுதியாகச் சொல்வேன்.

கடைக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை இவை. செட்டிங்ஸ் பக்கத்தைக் காட்டினால் நம்பாதீர்கள், உங்கள் கையால் பெரிய ஃபைல்களை ஏற்றிப் பாருங்கள். உங்கள் மாடலுக்கான கப்ளரைக் கண்ணால் பார்த்த பிறகே வேலையைத் தொடங்க விடுங்கள், வேலை முடியும்வரை வண்டி அருகிலேயே நில்லுங்கள், யாராவது வயர் வெட்ட கட்டரை எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். பழைய ஸ்டீரியோவைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். பணம் கொடுத்த யுபிஐ ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஜிஎஸ்டி பில்லில் மாடலும் ராமும் எழுதித் தர மறுக்கும் கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் புகார் பதிந்துவிட்டேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. 21,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூட இன்னும் கைக்கு வரவில்லை.